அந்தக் கொடி ஆற்றை தம்பி?

கேள்வி: அப்பா மோசம் போய் ரெண்டு கிழமை. 31-ம் நாள் அந்தியேட்டிக்கு மண்டபம், 400 பேருக்குச் சாப்பாடு, கலர்ல நினைவு மலர், லைவ் வீடியோ எல்லாம் வேணுமெண்டு கனடா அண்ணா நிக்கிறார், பாதிக் காசு அனுப்புறாராம். நான் கந்தோர் கிளாக், செத்தவீட்டுக்கே கடன் பட்டிட்டன். அம்மாவின்ர தாலிக்கொடி இனிச் சும்மாதானே கிடக்கப்போகுது, அதை அடகு வைப்பம் எண்டுறார் அண்ணா. வட்டி கட்டேலுமோ எண்டுதான் பயம். என்ன செய்யலாம்?
- சாவகச்சேரி வாசகர்

பதில்: வட்டிக் கணக்குக்குப் பிறகு வாறன் தம்பி. "இனிச் சும்மாதானே கிடக்கப்போகுது" எண்டு போற போக்கில எழுதிவிட்டிருக்கிறீர், எனக்கு அதுக்கு அங்கால வாசிக்க மனமே வரேல்லை. அண்ணா சொன்னது இருக்கு, உம்மட பயம் இருக்கு, அம்மா என்ன சொன்னா எண்டு ஒரு சொல் இல்லை. கேட்டிருந்தாத்தானே எழுதுவீர். புருசனைப் பறிகுடுத்திட்டு துடக்கு வீட்டில ஒரு மூலையில இருக்கிற மனிசி, அவவின்ர கழுத்தால இறங்கினதை ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள் போன்ல பேசி முடிவெடுக்கிறியள், வெக்கமா இல்லையோ?

1707-ல ஒல்லாந்தர் எழுதி வச்ச எங்கட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்திலயே சீதனம் பொம்பிளையின்ர சொத்து, பிறகு ரெண்டு பேருமாத் தேடின தேட்டத்திலயும் புருசன் செத்தாப் பாதி அவவுக்கு. நான் வழக்குப் பேச வரேல்லை. அவ தானாத் தூக்கித் தந்தாலும் வாங்காதையும், இந்த நேரத்தில தாய்மார் எதைக் கேட்டாலும் தருவினம். 2025-ல பவுண் மூண்டு லட்சத்தைத் தாண்டிட்டுது, அடகில மூழ்கி ஏலத்தில போனா உம்மட சம்பளத்தில திருப்பி ஒரு பவுண் வாங்குவீரோ? நாளைக்கு அவவுக்கு ஒரு ஒப்பரேசன் எண்டா கையில இருக்கிறது அது ஒண்டுதான்.

அந்தியேட்டியை விடச் சொல்ல நான் ஆளில்லை, முறையாச் செய்யத்தான் வேணும். கீரிமலைக்குப் போய்க் குருக்களோட கிரியையை முடிச்சு, தோய்ஞ்சு வந்து வீட்டில படைச்சு, காடாத்துக்கும் எட்டுக்கும் வந்து நிண்ட சொந்தத்துக்கும் அயலட்டைக்கும் சோறு போட்டா அப்பாவுக்கு ஒரு குறையும் வராது. நினைவு மலர் வேணுமெண்டா அப்பாவின்ர ஒரு படம், பஞ்சபுராணம், திதி வெண்பா, கறுப்பு வெள்ளையில சின்னனா அடியும். வாற ஆடி அமாவாசைக்கு விரதம் இருந்து காத்தோட்டிக்காயோட சமைச்சுப் படையும், அதைச் சாகுமட்டும் விடாமச் செய்யிற பிள்ளைதான் பிள்ளை.

அண்ணாவுக்கு ஒண்டு விளங்கேல்லை. 2022-ல அமெரிக்க டொலர் 200 ரூபாயில இருந்து 360 மட்டும் ஏற, கனடா டொலரும் கூட ஏறினதில அவருக்கு இங்கத்தைச் செலவு மலிவாத் தெரியுது, அதே டொலர்தான் உம்மட சம்பளத்தைத் திண்டது, ஏறின சாமான் விலையள் பழைய இடத்துக்கு இறங்கவுமில்லை, 2024 கடைசியில தேங்காய் ஒண்டு 200 ரூபாய்க்குப் போகேக்க அவர் இங்க சந்தையில நிக்கேல்லை. 400 பேருக்குக் கறி வைக்க எத்தினை தேங்காய் துருவோணும் எண்டு கேட்டுப்பாரும். தேப்பன்ர முகத்தைக் கடைசியாப் பாக்கேலாமப் போன துக்கம் அவருக்கு இருக்கும், எனக்கு விளங்குது, அந்தத் துக்கத்துக்கு அம்மா ஏன் விலை குடுக்கோணும்?

இண்டைக்கே அண்ணாவுக்குக் கோல் எடும், அம்மாவைப் பக்கத்தில வச்சு, ஸ்பீக்கரைப் போட்டு. மண்டபம் வேணுமெண்டா முழுக்காசும் நீங்கள் அனுப்புங்கோ, இல்லாட்டி வீட்டிலதான், கொடியில கை வைக்க மாட்டன் எண்டு அம்மாவுக்குக் கேக்கச் சொல்லும். அவர் கோவிச்சா ரெண்டு மாதம் கோவிக்கட்டும். இதை வாசிக்கமுன்னம் வச்சிட்டீரெண்டா, அவர் அனுப்புற பாதிக் காசில முதல் வேலையா அதை மீட்டு அம்மாவின்ர கையில குடும், சாப்பாட்டுக்கு மிச்சத்தில பாப்பம்.