அடைபட்ட கானுக்கு யாரிடம் போவது?

கேள்வி: எங்கள் ஒழுங்கையின் கான் (வடிகால்) இரண்டு மாரியாக அடைபட்டுக் கிடக்கிறது. மழை பெய்தால் வாசல் வரை தண்ணீர். ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகர்) சொன்னோம், வட்டார உறுப்பினரிடம் சொன்னோம், முகநூலில் படமும் போட்டோம். எல்லாரும் "பார்ப்போம்" என்கிறார்கள். இனி என்ன செய்யலாம்? (வாசகர், ஆரையம்பதி)

சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சாகவே போயிருக்கிறது. எந்த அலுவலகக் கோப்பிலும் உங்கள் ஒழுங்கை இன்னும் ஏறவில்லை. முகநூல் படத்துக்கு விழுந்த விருப்பக்குறிகளை எந்த எழுதுவினைஞரும் பதிவேட்டில் எழுதமாட்டார்.

கடிதம் எழுத முதல் கானோடு ஒருமுறை நடந்து, தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்குரியவை; உங்களுக்கு அது மண்முனைப்பற்றுப் பிரதேச சபை. கான் போய் விழும் கல்முனை வீதி ஏ4 என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கிறது. கான் அந்த வீதியில் சேரும் இடத்தில்தான் அடைப்பு என்றால் இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும். அப்போது இரண்டுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பல ஒழுங்கைகளில் கானை அடைத்தது அரசாங்கமல்ல. கேற்றுக்குள் வாகனம் ஏற்ற மண் நிரப்பியோ, சின்னக் குழாய் ஒன்றை வைத்து மேலே கொங்கிறீட் போட்டோ அடைத்த நம்மாட்களே. அப்படி இருந்தால் முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போய் அந்த வீட்டாரிடம் பேசுங்கள். சரிவரவில்லையா, அந்தத் தடையையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். நீங்களாக உடைக்கப் போக வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கம் போதும். சபைச் செயலாளருக்கு எழுதி, தவிசாளருக்குப் பிரதி போடுங்கள். ஒழுங்கையின் பெயர், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, சுமார் எத்தனை அடி, எந்தத் திகதிகளில் வெள்ளம் நின்றது என்பவை இருக்கட்டும். தெருவிளக்கு, கட்டாக்காலி மாடு எல்லாவற்றையும் அதே கடிதத்தில் திணிக்காதீர்கள். அயலவர்களின் கையொப்பமும் வேண்டும். நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தண்ணீர் தேங்குவதால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் ஒரு பிரதி. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் நுளம்பு பெருகுகிறதா என்று உங்கள் வளவிலுள்ள சிரட்டைகளையும் பார்ப்பார், அதையும் நினைவில் வையுங்கள்.

தூர்வாருவதையும் புதுக் கான் கட்டுவதையும் தனித்தனியாகக் கேளுங்கள். தூர்வாருவதை இப்போதே செய்யலாம். கட்டுவதற்கு நிதி ஒதுக்க வேண்டும்; அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தைச் சபை வருட இறுதிக்குள் நிறைவேற்றிவிடும் என்பதால், அந்தக் கோரிக்கை ஒக்டோபருக்கு முன்பே போக வேண்டும். மண்ணும் சருகும்தான் அடைப்பு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்திலேயே வேலை முடியும். அள்ளிய சேற்றை ஏற்றிப் போக சபையிடம் உழவு இயந்திரம் மட்டும் கேளுங்கள். கரையில் குவித்தால் முதல் மழைக்கே திரும்பக் கானுக்குள் இறங்கும்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: எங்கள் கடிதத்தின் மீது எழுதப்பட்ட குறிப்பின் பிரதி, இந்தக் கானுக்கு மதிப்பீடு தயாரித்திருந்தால் அதன் பிரதி, இவ்வருடம் தூர்வாரிய கான்களின் பட்டியல். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுத உங்களுக்கு இரண்டு மாத அவகாசம் இருக்கிறது.