இ-சிகரெட் வெளியிடுவது வெறும் நீராவிதானா?

கேள்வி: சிகரெட்டை விட்ட என் கணவர், ஓராண்டாக இ-சிகரெட் இழுக்கிறார். எட்டு மாதக் குழந்தை இருக்கும் அறையிலேயே இழுக்கிறார். கேட்டால், "இது நீராவிதான். இதிலுள்ள ரசாயனங்கள் தொழிற்சாலைகளுக்கு விதித்திருக்கும் வரம்பைவிடக் குறைவு" என்கிறார். குழந்தைக்கு ஆபத்து இல்லையா?

பதில்: சிகரெட்டை அவர் விட்டது நல்ல காரியம். சிகரெட் இரண்டு இழுப்புகளுக்கு நடுவிலும் எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது பெரும்பாலும் அந்தப் புகையைத்தான். இ-சிகரெட்டில் அது இல்லை. இழுத்தவர் வெளியே விடுவது மட்டுமே காற்றில் கலக்கிறது. அந்த வகையில் நச்சு குறைவுதான்.

ஆனால் அது நீராவி அல்ல. அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு அருகிலுள்ள ஜன்னல் கண்ணாடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக மெல்லிய படலம் ஒட்டினால் வியக்காதீர்கள். இ-சிகரெட் திரவத்திலுள்ள புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், நிகோடின், வாசனைப் பொருட்கள் எல்லாம் நுண்துளிகளாக வெளிவந்து படிகின்றன. திரவம் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதைச் சூடாக்கும் கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களும் கலக்கின்றன. இ-சிகரெட் இழுப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களின் உமிழ்நீரில், நிகோடின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் காணப்பட்டிருக்கிறது. தவழும் குழந்தைக்குத் தரையில் படிந்தவையும் கைவழியாக வாய்க்குப் போகும்.

தொழிற்சாலை வரம்பு என்ற வாதத்தைத்தான் நான் அறவே ஏற்க மாட்டேன். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் பெரியவர்களை மனத்தில் வைத்து வகுத்த அளவு அது. ஃபார்மால்டிஹைடையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொழிற்கூடங்களுக்கான வரம்பு, கனமீட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 0.9 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வீட்டுக் காற்றுக்கு வகுத்ததோ 0.1 மில்லிகிராம். ஒரே பொருளுக்கு ஒன்பது மடங்கு வித்தியாசம்! உங்கள் குழந்தை நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விடுகிறது. நாள் முழுவதும் அதே அறையில் இருக்கிறது. அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

வாசனைப் பொருட்கள் உணவில் சேர்ப்பவைதானே என்றும் சொல்வார்கள். வெண்ணெய் மணம் தரும் டையசிட்டைலும் உணவில் சேர்ப்பதுதான். அதன் ஆவியைச் சுவாசித்த பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நுண்மூச்சுக்குழல்கள் மீளமுடியாதபடி தழும்பேறிச் சுருங்கின. வயிறு தாங்குவதையெல்லாம் நுரையீரல் தாங்காது.

ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது. வீட்டிலும் காரிலும் இழுக்கவே கூடாது. வெளியே இழுத்து வந்தால் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்கட்டும். நிகோடின் திரவக் குப்பியைப் பூட்டி வையுங்கள். சிறிதளவு உள்ளே போனாலும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. குழந்தைக்கு இருமலோ மூச்சிரைப்போ அடிக்கடி வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இ-சிகரெட் புழங்குவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் கணவரும் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கட்டும். சிகரெட்டையே விட முடிந்தவருக்கு இதையும் விட முடியும். நிகோடினைப் படிப்படியாகக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன.