வலது அடிவயிற்று வலியும் குடல்வாலும்: ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரின் கேள்வி பதில்

குடல்வால் (அப்பெண்டிக்ஸ்), அதைப் பாதிக்கும் நோய்கள், அதைப் போலவே வேஷம் போடும் மற்ற நோய்கள் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். இந்த நிமிடம் வயிற்றுவலியோடு இருப்பவர்கள் கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டாக்டர் பார்க்கும்வரை சாப்பிட வேண்டாம். பேதியாவதற்கான மருந்து எதையும் குடிக்கவே கூடாது.

தறிச்சத்தம்: சாதாரண வயித்துவலியா, அப்பெண்டிக்ஸ் வலியான்னு வீட்டிலேயே எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது டாக்டர்?

வலி எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்த வரிசையில் வந்தது என்று பாருங்கள். குடல்வாலின் வாய் அடைபட்டதும் (கெட்டியான மலத்துகள், குழந்தைகளுக்கு நெறி வீங்குவது) உள்ளே சளி தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை உணரும் நரம்பு தொப்புளைச் சுற்றியுள்ள பகுதிக்கும் பொதுவானது. அதனால் முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. கூடவே பசி போய்விடும், குமட்டும், ஒன்றிரண்டு வாந்தி. சில மணி நேரம் கழித்து அழற்சி வெளிச்சுவருக்கு வந்து வயிற்றின் உள்ளுறைச் சவ்வைத் தொடும்போது வலி வலது கீழ்ப்பக்கம் இறங்கி ஒரே இடத்தில் நிற்கும். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த இடம் இருக்கும். 1889இல் மெக்பர்னி குறித்துக் காட்டிய புள்ளி அது.

இருமினால், வண்டி மேட்டில் ஏறி இறங்கினால் அந்த இடத்தில் சுருக்கென்று வலிக்கும். வலிக்கு முன்பே வாந்தி பலமுறை வந்திருந்தால், நல்ல பசி இருந்தால், வேறு காரணம் தேட வேண்டும். ஆனாலும் சந்தேகம் இருந்தால் வீட்டில் முடிவு கட்டாதீர்கள்.

நாங்கள் ஒரு மதிப்பெண் கணக்கும் வைத்திருக்கிறோம். 1986இல் அல்வராடோ வகுத்தது. வலி இடம் மாறியதா, பசி போனதா, குமட்டலா, அழுத்திய கையை எடுக்கும்போது வலியா, காய்ச்சல் 37.3 டிகிரிக்கு மேலா, நியூட்ரோபில் (ஒரு வகை வெள்ளணு) கூடியிருக்கிறதா: ஒவ்வொன்றுக்கும் 1. வலது அடிவயிற்றைத் தொட்டால் வலி, ரத்தத்தில் வெள்ளணு 10,000க்கு மேல்: இரண்டுக்கும் தலா 2. மொத்தம் 10. நான்கு அல்லது அதற்குக் கீழ் என்றால் வாய்ப்பு குறைவு, 7 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம், இடையில் இருப்பவர்களுக்குத்தான் ஸ்கேன் பெரிய உதவி. குழந்தைகளிடமும் பெண்களிடமும் இந்தக் கணக்கு அடிக்கடி சறுக்கும்.

கரிசல்காடு: தம்பிக்கு நீர்க்கடுப்புன்னு மூணு நாள் மாத்திரை கொடுத்தாங்க. யூரின்ல சீழ் அணு வேற இருந்துச்சு. கடைசியில அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருந்தது. எப்படித் தவறவிடுறாங்க?

குடல்வாலின் அடி ஒரே இடத்தில் இருக்கும். நுனி எங்கே வேண்டுமானாலும் போகும். இடுப்புக்குழிக்குள் தொங்கினால் மூத்திரப்பையை உரசும், மலக்குடலை உரசும். அப்போது நீர்க்கடுப்பு, மூத்திரத்தில் சீழ் அணு, கொஞ்சம் கொஞ்சமாகப் பேதி எல்லாம் வரும். பெருங்குடலுக்குப் பின்னால் மடங்கி இருந்தால் முன்வயிறு மெத்தென்று இருக்கும், வலி விலாப்பக்கம் தெரியும், கிட்னிக் கல் என்று தோன்றும். நீர்க்கடுப்பு என்று சொல்லும் முன் வயிற்றை அழுத்திப் பார்த்தாக வேண்டும். முதல் நாள் தெளிவில்லை என்றால் 6 முதல் 12 மணி நேரத்தில் அதே கை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டு மாத்திரையோடு அனுப்பும் இடத்தில்தான் இது தவறுகிறது.

மஞ்சள்வெயில்: கொய்யா விதை, தக்காளி விதை சாப்பிட்டா வருமா?

விதை அடைத்து வருவது மிக அரிது. பயமில்லாமல் சாப்பிடுங்கள்.

ஆற்றுமணல்: ஸ்கேன்ல அப்பெண்டிக்ஸ் 6.5 மி.மீ.ன்னு எழுதியிருக்கு. வலி ரெண்டு நாளா இல்லை. ஆபரேஷன் பண்ணணுமா?

6 மி.மீ. என்பது எல்லைக்கோடு, தீர்ப்பு அல்ல. நோயே இல்லாத பலருக்கும் 7 மி.மீ. இருக்கும். ரிப்போர்ட்டில் மற்ற வரிகளைப் படியுங்கள்: ஸ்கேன் கருவியால் அழுத்தினால் குடல்வால் நசுங்குகிறதா, சுற்றியுள்ள கொழுப்பு அழன்றிருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா, உள்ளே கல் போல மலத்துகள் உண்டா. நசுங்குகிறது, சுற்றிலும் சுத்தமாக இருக்கிறது, வயிற்றில் தொட்டால் வலி இல்லை, வெள்ளணுவும் சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) சரியாக இருக்கிறது என்றால் ஆபரேஷனுக்கு வேலை இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடுமையாக இருந்த வலி திடீரென்று நின்று, சில மணி நேரத்தில் வயிறு முழுக்க வலியும் காய்ச்சலும் வந்தால், குடல்வால் உடைந்து உள்ளழுத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். வலி நின்றதே என்று நிம்மதி அடையக் கூடாது.

தென்றல்வீதி: எங்க பாட்டி வயித்துவலின்னாலே விளக்கெண்ணெய் கொடுப்பாங்க. வாயுதானே?

வேண்டாம். அடைபட்டு வீங்கிய குடல்வாலின் சுவருக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு மாற்று வழி கிடையாது. அழுத்தம் ஏறினால் அந்தக் குழாயில் ரத்தம் உறைந்து சுவர் அழுகும். அந்த நிலையில் பேதி மருந்தோ எனிமாவோ குடலை முறுக்கிவிட்டால் உடைவது சீக்கிரமாகிறது. சுடுதண்ணீர்ப் பை ஒத்தடமும் வேண்டாம். மருந்துக் கடையில் வாங்கிய வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் இருப்பதும் அதே ஆபத்து. ஆஸ்பத்திரியில் பரிசோதித்த பிறகு கொடுக்கும் வலி ஊசி நோயை மறைக்காது, அதை மறுக்க வேண்டாம். கடை மாத்திரையால் போகும் நேரம்தான் கேடு.

ஏலமலை: டாக்டர், 7 மி.மீ. காட்டுது, ஆனா வலி இல்லை...

ஆற்றுமணலுக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

பனங்காடு: அப்பெண்டிக்ஸ்னு வயித்தைத் திறந்து பார்த்தா காசநோய்னு சொன்னாங்க. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம் நாட்டில் இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலையில்தான் குடல்வால் ஒட்டியிருக்கிறது. குடல் காசநோய்க்கும் அதே மூலைதான் பிடித்த இடம், அங்கே நிணத் திசு அதிகம். குடலில் நீண்டகாலம் தொடரும் அழற்சியான கிரோன் நோயும் அங்கேதான் அதிகம் வரும். டைஃபாய்டு, அமீபா, பெருங்குடல் புற்றுநோய் எல்லாமே அந்த வட்டாரத்தில் வலியையும் கட்டியையும் உண்டாக்கும்.

பிரித்துக் காட்டுவது காலம். குடல்வால் அழற்சி மணிக்கணக்கில், நாள்கணக்கில் முற்றும். காசநோய் வாரக்கணக்கில் இழுக்கும்: சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி, சாப்பிட்டபின் வயிறு முறுக்கிக் கடமுடா என்ற சத்தம். அப்படிப்பட்டவருக்கு வலது பக்கம் கட்டி தட்டுப்பட்டால் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து திசு எடுக்க வேண்டும், காசநோய்க் கிருமிக்கும் சோதிக்க வேண்டும். உறுதியானால் பொதுவாக 6 மாத மருந்து. இதில் ஒரு கொடிய குழப்பம் உண்டு. காசநோயைக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவும். அதனால் திசு முடிவு இல்லாமல் ஸ்டீராய்டு தொடங்க அவசரப்படக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பின் புண் வாரக்கணக்கில் ஆறாமல் சீழோ மலமோ கசிந்தால் காசநோய், கிரோன், புற்று மூன்றையும் நினைக்க வேண்டும். எடுத்த குடல்வாலைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்வைக்குச் சாதாரணமாக இருந்தாலும் அனுப்ப வேண்டும்.

நெய்தல்: ஃபின்லாந்து ஆய்வுல ஆன்டிபயாட்டிக் போதும்னு நிரூபிச்சுட்டாங்களே. இங்க மட்டும் ஏன் உடனே கத்தியை எடுக்கிறாங்க? காசுக்குத்தானே?

அந்த ஆய்வில் யார் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். 530 பேர், எல்லோருக்கும் சி.டி. எடுத்து, வெடிக்காத, சீழ்க்கட்டி இல்லாத, உள்ளே மலக்கல் இல்லாத அழற்சி என்று உறுதி செய்தார்கள். பாதிப் பேருக்கு 3 நாள் நரம்பு வழியாக எர்ட்டாபெனம், பிறகு 7 நாள் லீவோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் மாத்திரையாக. முதல் ஆண்டிலேயே அவர்களில் 27 சதவீதம் பேர் ஆபரேஷனுக்கு வந்தார்கள். 5 ஆண்டு முடிவில் நோய் திரும்பியவர்கள் 39 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் சி.டி. எடுக்காமல், சந்தேகத்தின்பேரில் வாங்கிப் போடும் மாத்திரைக்கு இந்த எண்கள் பொருந்தாது.

நெய்தல்: அப்போ 100க்கு 60 பேர் கத்தியில இருந்து தப்பிச்சாங்க. அதைச் சொல்ல மாட்டேங்கிறீங்களே.

பனங்காடு: தப்பிச்சவங்களைச் சொல்றீங்க. என் மச்சான் மாத்திரை எடுத்துட்டு எட்டாவது மாசம் வெடிச்சுப் போய்ப் படுத்தார். அவரை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

இருவருக்கும் பதில் இருக்கிறது. நெய்தல் சொல்வது சரி, 60 பேர் தப்பித்தார்கள். பனங்காட்டின் பயமும் நியாயம், ஆனால் அது அடிக்கடி நடப்பதில்லை: முதல் ஆண்டில் ஆபரேஷனுக்கு வந்த 70 பேரில் 58 பேருக்கு வெடிக்காத அழற்சிதான் இருந்தது. காத்திருந்ததால் எல்லோருக்கும் வெடித்துவிடவில்லை.

முடிவைத் திருப்பிப் போடுவது மலக்கல். அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அதில் மலக்கல் உள்ளவர்களையும் சேர்த்திருந்தார்கள். ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் 90 நாளுக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் மலக்கல் இல்லாதவர்களில் 25 சதவீதம், மலக்கல் இருந்தவர்களில் 41 சதவீதம். கல் இருந்தவர்களுக்குச் சிக்கல்களும் கூட. எனவே கல் இருந்தால் ஆபரேஷன் என்பதே என் கருத்து.

காசுக்கா என்ற கேள்விக்கும் நேராகவே சொல்கிறேன். உங்கள் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சி.டி.யில் சிக்கலற்ற அழற்சி என்று உறுதியா? மலக்கல் உண்டா? மாத்திரைக்கு ஏன் நான் தகுதியில்லை? பதில் சொல்லத் தயங்குபவரிடமிருந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, தாமதிக்காமல் இன்னொருவரைப் பாருங்கள். தனியாக விடுதியில் இருப்பவர், நள்ளிரவில் வலி வந்தால் 2 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர முடியாத ஊரில் இருப்பவர், கர்ப்பிணி: இவர்களுக்கு மாத்திரை வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ஆஸ்திரேலியா தன் அண்டார்டிகா நிலையங்களில் குளிர்காலம் தங்கும் டாக்டர்களுக்கு முன்கூட்டியே குடல்வாலை எடுக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

காத்திருக்கும் கேள்விகள் நிறைய. இந்த விவாதத்தை இங்கே நிறுத்துகிறேன்.

முதல்மழை: எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். குடல்வாலை எடுத்தா நல்லதுன்னு படிச்சேன். உண்மையா?

ஆதாரம் உள்ள கேள்வி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலின் உட்சுவர் நீண்டகாலம் அழன்று புண்ணாகும் நோய். 20 வயதுக்குள் உண்மையான அழற்சிக்காகக் குடல்வால் எடுக்கப்பட்டவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருவதை 2001இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது. வெறும் வயிற்றுவலிக்காக எடுத்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. பின்னர் நெதர்லாந்து, அயர்லாந்து, பிரிட்டன் மூன்று நாடுகளிலும் நோய் அடங்கியிருந்த 197 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள்: எடுத்தவர்களில் 36 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 56 சதவீதம். 2025இல் வந்த முடிவு. ஆனாலும் இது மருந்துக்குப் பதில் அல்ல, மருந்தோடு சேர்த்துச் செய்தது. நோய் அடங்கியிருக்கும்போது உங்கள் குடல்நோய் நிபுணரிடம் பேசுங்கள். கிரோன் நோய்க்கு இதைப் பொருத்தாதீர்கள்.

வெண்மேகம்: குடல்வாலை எடுத்தா பார்கின்சன் வராதாமே?

ஒரு ஆய்வு குறையும் என்கிறது, இன்னொன்று கூடும் என்கிறது. இதற்காக எடுக்க வேண்டாம்.

காட்டாறு: பயாப்ஸியில நியூரோஎண்டோகிரைன் ட்யூமர், 8 மி.மீ.ன்னு வந்திருக்கு. தூக்கமே இல்லை.

இது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி. நுனியில் இருந்து, முழுவதும் எடுக்கப்பட்டு, வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தால், 1 செ.மீ.க்குக் குறைவானதற்கு அந்த ஆபரேஷனே முழுச் சிகிச்சை. நிம்மதியாகத் தூங்குங்கள். 2 செ.மீ.க்கு மேல் என்றால் வலது பெருங்குடலை எடுக்கும் பேச்சு வரும். நடுவில் இருப்பதை நிபுணர் குழு முடிவு செய்யும்.

சளி நிரம்பிய கட்டி என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஆபரேஷனின்போது அது உடைந்து வயிற்றில் சிந்தினால் அந்தச் சளி செல்கள் வயிறெங்கும் பரவி வளரும். ஸ்கேனில் அப்படிச் சந்தேகம் இருந்தால் பையில் வைத்து முழுசாக வெளியே எடுக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும். 40 வயதுக்கு மேல் சீழ்க்கட்டியோடு வந்தவர்கள் குணமானதும் கொலோனோஸ்கோபி செய்யாமல் விடாதீர்கள், பின்னால் புற்று ஒளிந்திருக்கலாம்.

சித்திரைநிலா: 5 மாச கர்ப்பம். வலது பக்கம் வலி. டாக்டர் அப்பெண்டிக்ஸ்ங்கிறார். ஆபரேஷன் பண்ணினா குழந்தைக்கு ஆபத்தா?

அழற்சி உறுதியானால் ஆபரேஷனைவிடத் தள்ளிப்போடுவதுதான் குழந்தைக்கு ஆபத்து. குடல்வால் வெடித்தால் கரு இழப்பு பல மடங்கு கூடும். முதலில் அல்ட்ராசவுண்டு, தெளிவில்லை என்றால் சாய ஊசி இல்லாத எம்.ஆர்.ஐ. கர்ப்பத்தில் வெள்ளணு இயல்பாகவே கூடும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். மகப்பேறு டாக்டரும் அறுவை டாக்டரும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இன்றே போங்கள்.

கோடைமழை: 6.8 மி.மீ., நசுங்குது, வலி இல்லை...

மூன்றாவது முறை இந்தக் கேள்வி. எண்ணுக்கு வைத்தியம் இல்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு டாக்டரிடம் போங்கள்.

மருதநிழல்: குடலிறக்கத்துக்கும் குடல்வாலுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தொடை இடுக்கில் இறங்கும் குடலிறக்கப் பைக்குள் சிலருக்குக் குடல்வாலே இறங்கியிருக்கும். பதிவான முதல் குடல்வால் அறுவையே அப்படித்தான் நடந்தது. 1735இல் லண்டனில் கிளாடியஸ் அமியான்ட் 11 வயதுப் பையனின் குடலிறக்கத்தைத் திறந்தபோது, ஊசி குத்தி ஓட்டையான குடல்வால் உள்ளே இருந்தது. இன்றும் அந்த வகைக்கு அவர் பெயர்தான்.

பையன்களைப் பற்றி ஒன்று: அடிவயிறு வலிக்கிறது என்று வந்தால் விதைப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். விதை முறுக்கிக்கொண்டால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

பூவரசு: மூலத்துக்கு என்ன சாப்பிடலாம்?

இன்றைய தலைப்பு அதுவல்ல.

அந்திவானம்: நாலு வருஷம் முன்னாடி அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சு. இப்போ அதே இடத்துல அதே மாதிரி வலி. எடுத்துட்டதால அதுவா இருக்காதுன்னு சொல்றாங்க.

அரிதாக அதுவாகவும் இருக்கலாம். அடிப்பகுதியில் நீளமாக மிச்சம் விட்டிருந்தால் அந்தக் குட்டைத் துண்டிலும் அழற்சி வரும். அரை செ.மீ.க்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது என்பது நாங்கள் வைத்திருக்கும் அளவு. அதைவிட அதிகம் வருவது குடல் ஒட்டிக்கொண்டு அடைபடுவது: வயிறு உப்பும், வாந்தி, வாயு பிரியாது. பெண் என்றால் கருக்குழாய்க் கர்ப்பம், சினைப்பை முறுக்கு இரண்டையும் நீக்க வேண்டும். சி.டி. எடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பயாப்ஸி செய்யவே இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.