கேளுங்க அக்கா: வெளிநாட்டுப் பணமும் உள்ளூர் ஓட்டும்

கோத்தகிரியில் மூன்று நாளாக மூட்டம் விலகவில்லை. தபால்காரர் கொண்டுவந்த கவரெல்லாம் நமுத்துப்போய், பிரிக்கும்போதே கிழிகிறது. போன இதழில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் மூடப்பட்டதைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தைப் பிடித்துக்கொண்டன. அவரைக்கொட்டைக் குழம்பு செய்முறை கேட்ட இரண்டு பேரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, கூடலூர்: அக்கா, ஒரு நாட்டுல ஜனநாயகம் ஒழுங்கா நடக்கலைன்னா, இன்னொரு நாடு பணம் கொடுத்து அதைச் சரி பண்ணலாமா? அது உதவியா, மூக்கை நுழைக்கிறதா? எங்க வகுப்புல இதுக்காகச் சண்டையே வந்திருச்சு.

சண்டை நல்லதுதான். நான் அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கினவள், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேள்.

1990கள் வாக்கில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருஷம் கணக்கெழுதினேன். பெயர் வேண்டாம். நிதி முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்தது. 1996 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 73வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த முதல் தேர்தல், மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. உடனே எங்களுக்கு ஒரு திட்டம் வந்தது: 'பெண் தலைவர்களுக்கு ஜனநாயகப் பயிற்சி'. இரண்டு நாள் முகாம். சென்னையிலிருந்து பயிற்சியாளர், சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, காலையில் டீயும் மசால் வடையும். என் வேலை வருகைப் பதிவேடு. ஒரே பெயரை மூன்று பிரதியில் எழுதி, மூன்றிலும் கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். மை டப்பா குளிரில் உறைந்து, அடுப்படியில் வைத்துச் சூடு காட்டி எடுத்து வந்தேன். போட்டோவில் பேனர் முழுசாகத் தெரியவேண்டும் என்பது தலைமையகத்தின் கண்டிப்பான உத்தரவு. ஆட்கள் பாதி தெரிந்தால் போதும்.

முதல் நாள் பதினோரு மணிக்கு ஒரு அம்மா எழுந்தார். பட்டியல் வகுப்புக்காரர், தேயிலை பறிக்கிறவர், புதுத் தலைவி. "சார், பஞ்சாயத்துச் செக்குல என் கையெழுத்தும் வேணும், துணைத் தலைவர் கையெழுத்தும் வேணும். ஆறு மாசமா அவர் போட மாட்டேங்கிறார். தெருவிளக்குக்குப் பல்பு வாங்கக் காசு எடுக்க முடியலை. நான் என்ன செய்யணும்?"

பயிற்சியாளர் சார்ட்டைப் பார்த்தார். அதில் 'தலைமைப் பண்புகள்' என்று பச்சையில் எழுதியிருந்தது. "நல்ல கேள்வி, மதியம் பேசுவோம்" என்றார். மதியம் பலூன் ஊதுகிற விளையாட்டு நடந்தது.

மூன்று மாதம் கழித்து நான் தட்டச்சு செய்த அறிக்கையில் 'முப்பத்தெட்டுப் பெண் தலைவர்கள் அதிகாரம் பெற்றனர்' என்று இருந்தது. அந்த அம்மாவும் அதில் ஒருவர். கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. ஆடிட்டர் பார்த்தார், விமானத்தில் வந்த வெள்ளைக்காரர் பார்த்தார். அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் யாரும் அந்தக் கணக்கைப் படித்துக் காட்டவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிச்சத்தையும் கேள். அந்த அம்மாவே வேறு ஐந்து தலைவிகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு திங்கள்கிழமை ஊட்டிக்குக் கலெக்டரிடம் மனு கொடுக்கப் புறப்பட்டார். பஸ் சார்ஜுக்குப் பணமில்லாமல் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். 'போக்குவரத்து' என்ற தலைப்பில் வவுச்சர் போட்டு எடுத்துக் கொடுத்தேன். ஆறு பேருக்கும் போக வர இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. ரெண்டு வாரத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி (பி.டி.ஓ.) வந்து உட்கார்ந்தார், துணைத் தலைவர் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷத்தில் நான் எழுதிய கணக்கில் ஜனநாயகத்துக்குப் போய்ச் சேர்ந்த வெளிநாட்டுப் பணம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது அந்த வவுச்சர்தான்.

உலகக் கதையும் இந்த அளவில்தான் எனக்குப் புரிகிறது. போலந்தில் 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் போட்டு 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கத்தை முடக்கினார்கள். அமெரிக்கத் தொழிற்சங்கங்களும், 1983இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜனநாயக நிதியமும் பணம் அனுப்பின. அது அச்சு இயந்திரமாகவும் காகிதமாகவும் மையாகவும் ஒளித்து உள்ளே போயிற்று. 1989 ஜூன் 4 தேர்தலில் ஆட்சிக்காரர்கள் மண்ணைக் கவ்வினார்கள். ஆனால் முடக்கப்படும் முன்பே அந்தச் சங்கத்தில் சுமார் 1 கோடிப் பேர் சேர்ந்திருந்தார்கள். அந்த ஆறு தலைவிகளைப் போல, அவர்கள் ஏற்கெனவே பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள். 1988இல் சிலியில் ராணுவ ஆட்சியாளர் பினோசெட் தொடரலாமா வேண்டாமா என்று நடந்த வாக்கெடுப்பிலும் வாக்காளர் பதிவுக்கு அமெரிக்கப் பணம் உதவியது, பினோசெட் தோற்றார். அதே சிலியில் 1970களின் தொடக்கத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் அயெந்தேயைக் கவிழ்க்க அதே அமெரிக்கா ரகசியமாகப் பணத்தை இறைத்தது. ஒரே கைதான், ஒரே பைதான். உன் வகுப்பில் 'மூக்கை நுழைக்கிறது' என்று வாதாடிய பிள்ளைக்கு இந்த இடத்தில் முழு மார்க் கொடுத்துவிடு.

எகிப்தையும் பார். வருஷத்துக்கு 130 கோடி டாலர் அமெரிக்க ராணுவ உதவி. அந்தப் பக்கம் கொஞ்சம் சில்லறை, தேர்தல் பயிற்சி நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு. 2011 டிசம்பரில் எகிப்து அதிகாரிகள் அந்த நிறுவனங்களில் புகுந்து சோதனை போட்டார்கள், 2013 ஜூனில் 43 பேருக்குத் தண்டனை விதித்தார்கள். ராணுவ உதவி அதற்காக நின்றுபோகவில்லை. துணைத் தலைவருக்கு மாதாமாதம் மூட்டை அரிசி கொடுத்துக்கொண்டே, தலைவிக்கு 'தலைமைப் பண்பு' வகுப்பெடுத்தால் எப்படி?

அதனால் 'கொடுக்கலாமா' என்று மட்டும் கேட்டு நிறுத்தாதே. கேட்டு வந்தது யார், கணக்கை யாரிடம் படித்தார்கள், இன்னொரு கையால் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள். வகுப்பில் சண்டை இன்னும் ருசிக்கும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்: நம் தேர்தலில் வாக்குப்பதிவைக் கூட்ட அமெரிக்கா 2.1 கோடி டாலர் ஒதுக்கியதாமே?

2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் செலவுக் குறைப்புக் குழு வெளியிட்ட பட்டியலில் அப்படி ஒரு வரி இருந்தது சார். இங்கே எல்லாக் கட்சியும் அடுத்த கட்சியைக் கைகாட்டியது. அந்தப் பணம் வங்கதேசத்துக்கானது என்று பத்திரிகைச் செய்தி வந்தது. நம் நிதியமைச்சகத்தின் 2023–24 அறிக்கை, யுஎஸ்எய்ட் உடன் சேர்ந்து அப்போது நடந்த ஏழு திட்டங்களைச் சொல்கிறது. அதில் தேர்தல் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தச் சந்தேகம் நமக்குப் புதுசா? வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் முதலில் வந்ததே 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில். மக்கள் வாயைக் கட்டியிருந்த நேரத்தில் அன்னியப் பணத்தைக் காவல் காத்த சட்டம்! 2010இல் புதுச் சட்டம், 2020இல் திருத்தம். இப்போது எந்த வெளிநாட்டு நன்கொடையும் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் வந்து இறங்கவேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் கோத்தகிரி வங்கி மேனேஜர் "இந்த மாசம் உங்க பணம் இன்னும் வரலையேம்மா" என்று விசாரிப்பார்.

விவசாயி, மஞ்சூர்: எங்க குந்தா பவர்ஹவுஸ் கனடாக்காரங்க உதவியில் கட்டினது. ஜனநாயகம் அது இதுன்னு ஒண்ணும் பேசலை. கரண்ட் கொடுத்தாங்க, போனாங்க. எல்லா உதவியும் அப்படி இருக்கலாமே?

பேசவில்லை என்று சொல்லாதீர்கள் அண்ணா, உங்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான். அது கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த உதவி. 1950இல் காமன்வெல்த் மந்திரிகள் கொழும்பில் கூடிப் பேசியபோது அவர்கள் மனசில் இருந்த பயம், சீனாவுக்கு அடுத்து ஆசியா முழுக்கச் சிவப்பாகிவிடுமோ என்பது. வயிறு நிறைந்தால் ஓட்டுப்பெட்டி பிழைக்கும் என்ற கணக்கு. ஐரோப்பாவுக்கு 1948 முதல் நாலு வருஷத்தில் அமெரிக்கா கொடுத்த சுமார் 1,300 கோடி டாலர் மார்ஷல் திட்டமும் அதே கணக்குத்தான். நேர்மையாகச் சொன்னால், பலூன் ஊதும் வகுப்பை விட அணைக்கட்டு எனக்கும் பிடிக்கும். டர்பைன் சுற்றுகிறதா இல்லையா என்று யாரும் பார்க்கலாம். ஆனால் அந்தக் கரண்ட் முதலில் போனது கோயம்புத்தூர் மில்லுக்கா, மஞ்சூர் வீட்டுக்கா? உங்கள் அப்பா இருந்தால் கேட்டு எழுதுங்கள், போடுகிறேன்.

தபால்துறை ஊழியர், ஊட்டி: நம்ம நாடும் இப்படி மற்ற நாட்டு ஜனநாயகத்துக்குக் கொடுக்குதா?

கொடுக்கிறது, தம்பட்டம் அடிக்காமல். 2005இல் ஐ.நா. ஜனநாயக நிதியம் தொடங்கியபோது முன்வரிசையில் பணம் போட்ட நாடுகளில் நாமும் ஒன்று. டெல்லியில் தேர்தல் ஆணையம் 2011இல் தொடங்கிய பயிற்சி நிலையத்தில் பல நாட்டுத் தேர்தல் அதிகாரிகள் வந்து படித்துப் போகிறார்கள்.

இரண்டு இடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூட்டானில் மன்னரே "இனி நீங்கள் ஓட்டுப் போட்டு ஆளுங்கள்" என்றார். மக்கள்தான் தயங்கினார்கள். 2007இல் பழகிக்கொள்ள ஒத்திகைத் தேர்தலே நடத்தினார்கள்! 2008இல் நிஜத் தேர்தல் நம்மூர் வாக்குப்பதிவு இயந்திரத்தில் நடந்தது. இன்றும் அங்கே ஆட்சி ஓட்டில்தான் மாறுகிறது. ஆப்கானிஸ்தானில் நாம் பாராளுமன்றக் கட்டடமே கட்டிக் கொடுத்தோம். சுமார் 9 கோடி டாலர். 2015 டிசம்பர் 25 அன்று நம் பிரதமர் காபூல் போய்த் திறந்துவைத்தார். 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் நகருக்குள் வந்தது. கட்டடம் இருக்கிறது, அதில் உட்கார மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்தான் இல்லை.

இல்லத்தரசி, கொடைக்கானல்: என் மகனுக்கு வெளிநாட்டு நிதி வாங்கும் என்.ஜி.ஓ.வில் வேலை கிடைச்சிருக்கு. அனுப்பலாமா?

தாராளமாக. ஸ்வெட்டர் கொடுத்து அனுப்புங்கள். கூட்டமெல்லாம் சென்னை ஏ.சி. ஹாலில்தான், கொடைக்கானலை விடக் குளிரும்.

டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளி, பந்தலூர்: இலங்கையில என் சித்தி குடும்பம் இருக்கு. ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்), இந்தியா எல்லாரும் நிபந்தனை போட்டுக் காசு கொடுக்கிறாங்க. அதனால அங்க நம்ம சனத்துக்கு உரிமை கிடைக்குமா?

தம்பி, நானும் உங்களைப் போலச் சிலோன்காரிதான். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தேன். பத்து வயதில் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்தக் குளிர். அதனால் இந்தக் கேள்வியை ஆற அமர உட்கார்ந்து எழுத வராது.

நிபந்தனை கொஞ்சம் வேலை செய்யும். மனித உரிமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இலங்கையின் வரிச் சலுகையை நிறுத்தியது, ஆட்சி மாறிய பிறகு 2017இல் திருப்பிக் கொடுத்தது. 2022 நெருக்கடியில் இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. 2023இல் ஐ.எம்.எஃப். சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டபோது, ஊழல் எங்கெங்கே என்று ஆராய்ந்து அறிக்கையும் போட்டது. அதெல்லாம் சரி. ஆனால் 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியா முழு பலத்தோடு நின்று மாகாண சபையை வாங்கிக் கொடுத்ததே, அந்தச் சபைகளுக்கு 2014க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. வெளியிலிருந்து வந்த பொருளை உள்ளே யாரும் துடைத்து வைக்காவிட்டால் தூசிதான்.

நம் சனத்தின் கதையே அதற்குச் சாட்சி. 1947 தேர்தலில் மலையகத் தமிழர், அதாவது தோட்ட வேலைக்கு இங்கிருந்து போன நம் சனம், ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமை போனது, அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1964 அக்டோபரில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் டெல்லியில் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எண்ணப்பட்ட தலைகளில் ஒருவரையும் கேட்கவில்லை. மிஞ்சி நின்றவர்களுக்கு 1988 சட்டத்தில் குடியுரிமை வந்ததற்குப் பின்னால் எந்த வெளிநாட்டு நிதியும் இல்லை. 1986 தைப்பொங்கலிலிருந்து சனம் காலையில் மலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் உட்கார்ந்தது. கொழுந்து முற்றியது. கொழும்பு அசைந்தது.

என் பெரியம்மா அங்கேயே இருந்துவிட்டவர். ஓட்டுப் பறிபோன வருஷம் அவருக்குப் பதினைந்து வயது. 1994 தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்டார். அப்போது பேத்தியை விட்டு எழுதிய கடிதம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பாதிக்கு மேல் கோயில் திருவிழா, மாட்டுக்கு வந்த நோய், சீனி விலை. கடைசியில்: "சுண்டு விரல்ல மை வச்சாங்க பிள்ளை. அரிசி களையிறப்ப எல்லாம் போயிருச்சான்னு பாக்கிறேன். இன்னும் போகல்ல."