காலிக் குடம் என்று தூக்கினால்…

கேள்வி: தகவலை வேலையாக மாற்றும் க்யூபிட் (இரண்டே ஆற்றல் மட்டங்கள் கொண்ட குவாண்டம் அமைப்பு) எந்திரம் ஒன்றைக் கணினியில் உருவாக்கியிருக்கிறேன். ஒரே ஆற்றலில் நிற்கும் இரு மட்டங்களில் எது காலி என்று அளந்து, அதைச் சட்டென உயர்த்தி, பிறகு மெல்ல இறக்கி வேலை எடுக்கிறேன். அளவீடு பத்துக்கு ஒருமுறை தவறுகிறது. 8 அலகு உயர்த்தினால் கைமுதலும் போகிறது. எங்கே பிழை?

பதில்: உங்கள் நிரலில் பிழை இல்லை. அளவீட்டைத்தான் அளவுக்கு மீறி நம்பிவிட்டீர்கள்.

போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி வருவதுதான் நீங்கள் சொல்லும் அலகு என்று எடுத்துக்கொள்கிறேன். பிழையற்ற அளவீட்டில் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 0.693 அலகு கிடைக்கும். 1929-இல் இயற்பியலாளர் லியோ சிலார்டு ஒற்றை மூலக்கூறை வைத்துக் காட்டிய எல்லை இது. அங்கே மட்டத்தை எவ்வளவு உயர்த்தினாலும் செலவில்லை, ஏனென்றால் அது உண்மையிலேயே காலி. உங்களுக்கோ பத்தில் ஒருமுறை காலிக் குடம் என்று தூக்கியது நிறைகுடமாக இருக்கிறது. 8 அலகு தூக்கினால் சராசரிச் செலவு 0.8. வரவைவிட அது அதிகம்.

உயர்த்த வேண்டிய அளவு இதுதான்: அளவீடு சரியாகும் வாய்ப்பைத் தவறும் வாய்ப்பால் வகுத்து, இயல் மடக்கை எடுங்கள். 9-இன் மடக்கை ஏறத்தாழ 2.2. அந்த உயரத்தில் வெப்பத்தேக்கம் (க்யூபிட்டோடு வெப்பம் பரிமாறும், வெப்பநிலை மாறாத சூழல்) இயல்பாகவே இரு மட்டங்களையும் 9-க்கு 1 என்றுதான் நிரப்பும். உங்கள் க்யூபிட்டும் அதே விகிதத்தில் இருப்பதால், இறக்கத் தொடங்கும்போது ஆற்றல் வீணாவதில்லை. கிடைப்பது 0.368 அலகு. இதுவே அந்த அளவீடு தந்த தகவலின் முழு மதிப்பு. இயற்பியலாளர்கள் சகாவா, உவேடா இருவரும் 2008-இல் நிறுவிய வரம்பின்படி இதற்கு மேல் எடுக்க வழியில்லை. ஆகவே உழைப்பையெல்லாம் அளவீட்டைச் செம்மையாக்குவதில் போடுங்கள்.

திறன், அதாவது நொடிக்குக் கிடைக்கும் வேலை, முக்கியமானால் கணக்கு மாறும். மெதுவாக இறக்கும்போது இழப்பு, எடுக்கும் நேரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அளக்கும் நேரம் மிகக் குறைவென்றால், வேலை பாதியாகும் வேகத்தில்தான் திறன் உச்சம் தொடும்.

அளவீட்டு முடிவைப் பதிந்த நினைவகத்தை அழிக்கும் செலவைச் சேர்த்தீர்களா? இயற்பியலாளர் லாண்டவர் 1961-இல் காட்டியபடி, சாதாரண நினைவகத்தில் ஒரு பிட்டை அழிக்கக் குறைந்தது 0.693 அலகு ஆகும். அதே வெப்பநிலையில் அழித்தால் உங்கள் 0.368 போதாது. அழிக்கும்போது வெளியேறும் வெப்பத்தை வாங்கும் தேக்கத்தின் கெல்வின் வெப்பநிலை, வேலை எடுக்கும் தேக்கத்தின் வெப்பநிலையில் 53 சதவீதத்துக்கும் கீழே இருந்தால்தான் மொத்தத்தில் லாபம் நிற்கும்.