ஜெபம் வேண்டாம் என்று சொன்னால்?

கேள்வி: திருச்சபைத் தொண்டர்கள் சிறைச்சாலைகளுக்குப் போய்க் கைதிகளுக்கு ஆறுதல் சொல்கிறார்களே, குற்றம் செய்தவர்கள்மேல் ஏன் இத்தனை கரிசனம்? மதம் பரப்பத்தானே போகிறார்கள்?

பதில்: தங்கள் கேள்வியின் முதல் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை, இரண்டாம் பாதியைத் தள்ளிவிடவும் முடியவில்லை. சிறையில் இருப்பவர்கள் எல்லாரும் குற்றம் செய்தவர்கள் அல்லர். வழக்கு முடியாமல், ஜாமீனுக்குப் பணமோ ஆளோ இல்லாமல் அடைபட்டிருக்கும் விசாரணைக் கைதிகளும் அங்கே இருக்கிறார்கள். தண்டனை பெற்றவருக்கும் இத்தனை ஆண்டு சிறை என்றுதான் தீர்ப்பு. பெற்ற பிள்ளை முகம் மறந்துபோக வேண்டும் என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், பசித்தவரோடும் நோயுற்றவரோடும் சேர்த்தே காவலில் இருப்பவரும் பேசப்படுகிறார். அவர் குற்றவாளியா நிரபராதியா என்ற விசாரணை அங்கே இல்லை.

குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த எலிசபெத் ஃபிரை, 1813இல் லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் போனபோது, அங்கே தாய்மாரோடு கிடந்த குழந்தைகளுக்கு உடைகள் கொண்டுபோனார். 1817இல் பள்ளியும் தையல் வேலையும் தொடங்கியபோது, விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அந்தப் பெண்களையே கைதூக்கச் சொல்லி அவர்களது சம்மதத்தைப் பெற்றார். வேதத்தையும் அவர் வாசித்துக் காட்டினார் என்பதை நான் மறைக்கவில்லை.

சம்மதம் என்பதுதான் இங்கே சிக்கல். பார்க்க வருவதற்கு ஒருவரும் இல்லாதவர், வந்த ஒருவரை இழந்துவிடக் கூடாதே என்று எதற்கும் தலையாட்டுவார். அதனால்தான், கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், சமயப் பிரதிநிதியைச் சந்திக்கும் உரிமையைக் கைதிக்குத் தருவதோடு, சந்திக்க விரும்பாதவரின் மறுப்பை முழுமையாக மதிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன.

எழுதத் தெரியாத ஒரு கைதி, மகளுக்குக் கடிதம் சொல்லச் சொல்லத் தொண்டர் எழுதுகிறார். 'நான் நல்லா இருக்கேன்' என்பதற்கு மேல் வாய் வரவில்லை. தொண்டர் பேனாவை மூடாமல் காத்திருக்கிறார். நெடுநேரம் கழித்து, 'பரீட்சை எப்படி எழுதினாள்னு கேளுங்க' என்று அடுத்த வரி வருகிறது. இந்த உதவிக்கு விலையாக ஒரு ஜெபத்தைக் கேட்டால் அது தவறு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆகவே, தங்களுக்குத் தெரிந்த திருச்சபையில் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: ஜெபம் வேண்டாம் என்று சொன்ன கைதியைப் பார்க்க, அடுத்த வாரமும் அதே தொண்டர் போனாரா? போனவர்மேல் தங்கள் சந்தேகத்தைச் சுமத்தாதீர்கள். போகாதவரைப் பற்றித் தாங்கள் கேட்டது நியாயமே.