கோப்பு இருந்தும் காணவில்லை!

கேள்வி: எங்கள் பனியன் நிறுவனக் கணக்குக்காக விண்டோஸில் எழுதிய பைத்தான் நிரல், லினக்ஸ் சர்வரில் மட்டும் கோப்பைக் காணவில்லை என்கிறது. ஏன்? – வாசகர், திருப்பூர்.

பதில்: கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையில் பெயர்களைப் பிரிக்க, லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் முன்சாய்வுக்கோட்டை (/) இடுகின்றன; 1983இல் விண்டோஸின் முன்னோடியான எம்எஸ்-டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது, அக்கோடு கட்டளைகளோடு சேர்க்கும் கூடுதல் விருப்பங்களைக் காட்டும் குறியாக ஏற்கெனவே புழங்கியதால், பின்சாய்வுக்கோடு (\) தேர்வாகி, விண்டோஸிலும் நிலைத்துவிட்டது. அந்தப் பழைய நெருக்கடிக்கு இன்றும் நாம்தான் வட்டி கட்டுகிறோம். லினக்ஸுக்கோ பின்சாய்வுக்கோடு பெயரில் வரத்தக்க வெறும் எழுத்து. ஆகவே 'கணக்கு\நூல்' என்று எழுதினால், கணக்கு என்னும் கோப்புறைக்குள் நூலைத் தேடாமல், அந்த முழுப்பெயரிலேயே ஒரு கோப்பைத் தேடும். விண்டோஸ் பெரும்பாலும் முன்சாய்வுக்கோட்டையும் ஏற்கும். எனினும், பைத்தான் 3.4 முதல் உடன்வரும், பாதைகளைக் கையாளும் நிரலகமான பாத்லிப்பிடம் (pathlib) இந்த வேலையை ஒப்படைப்பதே நல்லது. கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளையும் சரிபாருங்கள். லினக்ஸ் அவற்றை வேறுவேறாகவே கொள்ளும்.